ஒரு கரண்டி கஞ்சி

இருபது வருடமாக நர்சிங் மாணவிகளுக்கு உணவும் சத்தும் என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதைப் பருப்பு, அரிசி, கீரை, பால் என்று பங்கு பிரிப்பேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் ஹாஸ்டலில் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். எனக்கோ சர்க்கரை வியாதி. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, நான் சோற்றில் கை வைக்க மூன்று மணியாகிவிடும். ஊருக்குத்தான் உபதேசம்.

எழுபத்தொன்பதாம் வருடம் ஆடி மாதம், எட்டு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு கிராமப் பயிற்சிக்காகப் பழவேற்காட்டுக்குப் போனேன். ஆளுக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் ஒருத்தி இருப்பாள். என்ன சாப்பிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்து, குழந்தையின் எடையைப் பார்த்துவர வேண்டும். கடைசி நாள் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அந்த ஊரில் மலிவாகக் கிடைப்பதை வைத்து, தாய்மார்கள் முன்னால் மாணவி ஒரு சத்தான உணவைச் சமைத்துக் காட்ட வேண்டும். அதுதான் பரீட்சை. அங்கே கற்றுக்கொடுத்ததெல்லாம் நாங்கள் பஸ் ஏறியதுமே காற்றோடு போய்விடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வருடா வருடம் போனேன். சம்பளம் வாங்குகிறேனே.

எட்டுப் பேரில் நூருன்னிசாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவளுக்கு அதே ஊர். முன்னொரு காலத்தில் கப்பலில் சரக்கு அனுப்பிய குடும்பம் என்பார்கள். இப்போது அவளுடைய வாப்பா இனாயத்துல்லா பஜாரில் சின்னதாக ஒரு பாத்திரக் கடை வைத்திருந்தார். அந்தத் தெருவிலிருந்து நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பெண் அவள்தான். கலோரிக் கணக்கு அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து வரமாட்டாள். போன வருடம் என் பாடத்தில்தான் தவறினாள்.

இனாயத்துல்லா சென்னைக்கே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். "இன்னொரு தடவ பாக்குறேன் சிஸ்டர். இதுலயும் தவறிட்டா ஊருக்குக் கூட்டினு போயிடுவேன். பொன்னேரில மாப்பிள்ள ரெடியா இருக்காரு." அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். மனுஷன் களைத்துப்போய்ச் சொன்னார். களைப்பு எனக்கும் தெரிந்த சமாச்சாரம், அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

நூருன்னிசாவுக்குக் கிடைத்த வீடு லைட்ஹவுஸ் குப்பத்தில் காந்தாவின் வீடு. பழவேற்காட்டிலிருந்து தோணியில் ஏரியைத் தாண்டி, சுடுமணலில் நடந்து போக வேண்டும். என் முழங்கால் அந்த மணலைச் சபித்துக்கொண்டே வரும். காந்தாவுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஒன்றரை மாதப் பெண் குழந்தை. புருஷன் துளசிங்கம் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். மாமியார் இருசம்மாள் கூடையில் மீன் எடுத்துப் போய்ப் பழவேற்காட்டில் விற்பவள். ஆடியில் விற்க என்ன மீன் இருந்தது? கடலும் கொடுக்கவில்லை, ஏரியும் கொடுக்கவில்லை.

அது ரமலான் மாதம். நூருன்னிசா நோன்பு வைத்துக்கொண்டே தினம் அந்த மணலில் நடந்தாள். போய்ச் சொல்லிக்கொடுப்பாள், காந்தாவும் தலையை ஆட்டுவாள். குழந்தையைத் துணித் தூளியில் போட்டுத் தராசில் மாட்டினால் முள் அதே இடத்தில் நிற்கும். அந்தக் குழந்தைக்கு வீறிட்டு அழக்கூடத் தெம்பில்லை. பூனைக்குட்டி மாதிரி முனகும்.

ஒரு நாள் நானே போய்க் கேட்டேன்.

"ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?"

"துன்றேன் நர்ஸம்மா."

"என்ன சாப்பிட்ட?"

"சோறு, கொழம்பு. இன்னா கீதோ அது."

சோறும் குழம்பும்தானே இந்த நாட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்று சலித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். நூருன்னிசாவும் தேறமாட்டாள், அந்தக் குழந்தையும் தேறாது என்று எனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

அன்றைக்குத் தோணியில் திரும்பும்போது நூருன்னிசா வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள், "சிஸ்டர், காந்தாக்காவும் நோன்பு இருக்குது."

"அவளுக்கு ஏதுடி நோன்பு?"

"எனக்குத் தெரியுது சிஸ்டர். மதியம் ஆனா எனக்கு எப்படி உதடு காயுதோ அப்படியே அதுக்கும் காயுது. இன்னிக்கு நான் பருப்பு வறுக்கறப்போ எச்சில முழுங்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நோன்பு வச்சிருக்கிறவங்க அப்படித்தான் திருப்பிப்பாங்க. அப்புறமா கேட்டேன். புருஷன் தண்ணி மேல இருக்கச் சொல்ல பொண்டாட்டி பல்லுல எதுவும் படக்கூடாதாம். மரம் கரை ஏறினப்புறந்தான் சாப்பாடாம்."

கட்டுமரத்தை அவர்கள் வெறும் மரம் என்றுதான் சொல்வார்கள். மரம் விடியுமுன் போகும். மீன் கிடைக்கிற நாட்களில் காலையிலேயே திரும்பிவிடும், அப்போது இந்த வழக்கத்தால் யாருக்கும் பெரிய கஷ்டமில்லை. ஆடியில் மீனைத் தேடித் தேடி மூன்று மணி, நான்கு மணி ஆகிவிடும். வந்ததும் முதலில் அவன் சாப்பிடுவான், பிறகு அவன் அம்மா. மிச்சம்தான் இவளுக்கு. அதைச் சாப்பிட்டதைத்தான் அவள் என்னிடம் சொன்னாள். பொய் சொல்லவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலையிலேயே நூருன்னிசாவோடு போய் இருசம்மாளைப் பிடித்துக்கொண்டேன். தாய் சாப்பிடாவிட்டால் பால் எங்கிருந்து வரும், பேத்தி செத்துப்போனால் பரவாயில்லையா என்று கத்தினேன். அவள் கூடையை இறக்கக்கூட இல்லை.

"ஆம்பள தண்ணி மேல கீறான் நர்ஸம்மா. இவ கட்டுப்பாடா இருந்தாத்தான் அவன் திரும்புவான். நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா ஒன் புஸ்தகமா அவனக் கரைக்கு இட்டாரும்?"

புரதம், இரும்புச்சத்து என்று நான் ஏதேதோ சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். நூருன்னிசா காந்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எங்கள்ல பால் குடுக்கிற தாய்க்கு நோன்பு கட்டாயம் இல்லக்கா. அப்புறமா வச்சுக்கலாம்னு சலுகை இருக்கு."

காந்தா சிரித்தாள். "உங்க சாமி நல்ல சாமி. எங்களுக்குக் கடலாச்சே."

பிறகு நூருன்னிசா இருசம்மாளைப் பார்த்துக் கேட்டாள், "மரம் கரையில கெடக்கச் சொல்ல சாப்பிடலாமா, ஆயா?"

"கரையில கெடந்தா இன்னா? தாராளமா துன்னலாம்."

"அப்போ மரம் எறங்கறதுக்கு முன்னாடியே காந்தாக்கா சாப்பிட்டுக்கட்டும். நாங்க சஹர்ல சாப்பிடறோமே, அது மாதிரி. விடியறதுக்கு முன்ன எழுந்து வயிறு நெறய சாப்பிட்டுட்டோம்னா சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

இருசம்மாள் யோசித்தாள். குற்றம் கண்டுபிடிக்க அதில் ஒன்றும் அகப்படவில்லை. "துன்னட்டுமே, யாரு வாணான்னது?" என்று கூடையோடு நடந்துவிட்டாள். இருபது வருடத்தில் எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்காத உணவு அட்டவணை அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மாலைக்கும் ஒரு வழி பிறந்தது. பழவேற்காட்டில் பள்ளிவாசலில் தினமும் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், கொஞ்சம் கொத்துக்கறி. பாலூட்டும் தாய்க்கு என்னென்ன வேண்டும் என்று நான் கரும்பலகையில் எழுதுவேனோ, அதில் பாதிக்கு மேல் அந்த அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. தூக்குவாளியோடு போய் நிற்கிற யாருக்கும் உண்டு, எந்தச் சாமி என்று கேட்கமாட்டார்கள். மீன் விற்கப் போகும் இருசம்மாள் வருடா வருடம் மகனுக்காக அந்த வரிசையில் நிற்பவள்தான். இந்த முறை மருமகளுக்கும் சேர்த்து வாங்கிவரச் சொல்லி நூருன்னிசா கெஞ்சினாள். வந்ததில் முக்கால்வாசி துளசிங்கத்தின் வயிற்றுக்குத்தான் போயிருக்கும். கால்வாசியாவது காந்தாவுக்குக் கிடைத்திருக்க வேண்டும், ஏனென்றால் தராசு முள் நகர ஆரம்பித்தது. குழந்தை அழுத அழுகை ஒரு நாள் வாசல் வரை கேட்டது. நூருன்னிசா அதைக் கேட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

"சிஸ்டர், அது கத்துது!"

"கத்தினா நல்லதுதான். நீ போய்க் கலோரிக் கணக்கைப் பாரு," என்றேன். எனக்கும் உள்ளுக்குள் குதிக்கத்தான் தோன்றியது.

பரீட்சைக்கு அவள் அந்தக் கஞ்சியையே எடுத்துக்கொண்டாள். கறிக்குப் பதிலாகச் சென்னாக்குன்னி. பொடிப்பொடியாக இருக்கும் அந்தக் காய்ந்த இறாலை வறுத்து இடித்துப் போட்டால் புரதம் கிடைக்கும், காசும் அதிகம் ஆகாது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர.

சமைத்து முடித்ததும், சமைத்த மாணவியே தாய்மார்கள் முன்னால் முதல் கரண்டியைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. அது சும்மா வந்த விதியில்லை. எமர்ஜென்சி காலத்தில் சர்க்கார் கொடுத்த மாவில் பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்து கலந்திருக்கிறது என்று ஒரு புரளி கிளம்பி, குப்பத்துப் பெண்கள் மாவை மூட்டையோடு ஏரியில் கொட்டிவிட்டார்கள். அதிலிருந்து, நர்ஸ் வாயில் வைக்காததை அவர்களும் வாயில் வைக்கமாட்டார்கள். இந்த விதியில் தவறினால் தேர்வாளர்கள் தயவு தாட்சண்யம் பார்க்கமாட்டார்கள்.

பரீட்சை பகலில். பகலெல்லாம் அவளுக்கு நோன்பு. "ஒரு நாள் விட்டுட்டு அப்புறம் வச்சிக்கோயேன்," என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"உடம்பு முடியலன்னா விடலாம் சிஸ்டர். மார்க்குக்காக எப்படி விடறது? நாக்கு நுனில வச்சுப் பாத்துட்டுத் துப்பலாம், அதுக்கு அனுமதி இருக்கு."

"அவங்க முன்னாடி துப்புவியா? துப்பினா அந்தக் கஞ்சிய நாய் கூடத் தொடாது."

அவளுக்கும் அது புரிந்தது. பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். இதற்கு மேல் நான் என்ன செய்வது? வருகிற தேர்வாளர் நல்ல மனுஷியாக இருக்கட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

தேர்வாளராக வந்தவர் ராஜாத்தி அம்மாள். மாதா என் பேச்சைக் கேட்கவில்லை. இஸ்திரி கலையாத புடவை, சிரிக்காத முகம். மற்ற ஏழு பேரையும் பார்த்துவிட்டுக் குப்பத்துக்கு வந்து சேர மணி நான்கு. அன்று மேற்கிலிருந்து கோடைக்காற்று பலமாக வீசியது. கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று அது. திரும்பும் மரங்கள் எதிர்க்காற்றில் மல்லுக்கட்ட வேண்டும். மற்ற மரங்களெல்லாம் காற்றுக்குப் பயந்து மதியமே கரை ஏறிவிட்டன. துளசிங்கத்தின் மரம் மட்டும் வரவில்லை.

காந்தா வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி நூருன்னிசா கஞ்சி காய்ச்சினாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காந்தா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அடுப்பை ஒரு தடவையும் கடலை ஒரு தடவையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூருன்னிசா நன்றாகவே பேசினாள். எதை எப்போது போட வேண்டும், ஏன் போட வேண்டும் என்று அவர்களுடைய பாஷையிலேயே சொன்னாள். ராஜாத்தி அம்மாள் ஓரிடத்தில் தலையைக்கூட ஆட்டினார். கஞ்சி இறங்கியது.

"டேஸ்ட் பண்ணிக் காட்டும்மா," என்றார்.

நூருன்னிசா கரண்டியில் மொண்டாள். கை வாய் வரை போகவில்லை.

"மேடம், நான் நோன்பு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "அவளே துன்னமாட்டேன்றா பாரு," என்றாள்.

"நான் சாப்பிடறேன்," என்று முன்னால் போனேன்.

"பரீட்சை உங்களுக்கு இல்லை மிஸ் செசிலியா," என்றார் ராஜாத்தி அம்மாள். "கொடுக்கிறவ வாயில வைக்கலன்னா இவங்க யாரும் வைக்கப் போறதில்ல. இவங்க வைக்கலன்னா இந்தச் சமையலால என்ன பிரயோஜனம்? நான் எப்படி மார்க் போட முடியும்?" அவர் சொன்னது நியாயம்தான். அதனாலேயே எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இனாயத்துல்லாவின் களைத்த முகம் எனக்குக் கண் முன்னால் வந்து நின்றது.

காந்தா குழந்தையை மணலில் விரித்திருந்த துணியில் கிடத்திவிட்டு எழுந்தாள். நேராக வந்து நூருன்னிசாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். ஊதி, அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டாள்.

அவள் புருஷன் இன்னும் தண்ணீர் மேல் இருக்கிறான் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ராஜாத்தி அம்மாளுக்கு மட்டும்தான் தெரியாது.

"உப்பு பத்தல," என்றாள் காந்தா. இன்னொரு கரண்டி மொண்டு அதையும் விழுங்கினாள்.

ஒருத்தி கையை நீட்டினாள். பிறகு இன்னொருத்தி. சற்று நேரத்தில் கிண்ணங்கள் கைமாறின. ராஜாத்தி அம்மாள் தோணியில் ஏறும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார், "தாயே முன்வந்து சாப்பிட்டா, அதனால விடறேன்." தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போட்டார். அதற்கு மேல் ஒரு மார்க்கூட இல்லை. போதும். மற்ற மாணவிகளையும் அவரோடு அனுப்பிவைத்தேன்.

நூருன்னிசா தோணியில் ஏறவில்லை.

"பாஸாயிட்டடி. வா, போலாம்."

"மரம் இன்னும் வரல சிஸ்டர்."

காந்தா தண்ணீர் ஓரமாகப் போய் நின்றிருந்தாள். இருசம்மாள் அப்போதுதான் கூடையோடு திரும்பியிருந்தாள். அதற்குள் யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். "மூதேவி! ரெண்டு வாய் கஞ்சிக்கு அலைஞ்சியாடி? எம்புள்ளைக்கு மட்டும் இன்னான்னா ஆச்சி..." என்று தொடங்கியவள், பாதியில் நிறுத்திவிட்டு மணலில் உட்கார்ந்தாள். அவள் திட்டிக்கொண்டே இருந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கோதண்டம் என்ற இன்னொரு தோணிக்காரர், எத்தனை நேரமானாலும் எங்களைக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

வெயில் இறங்கியது. காற்று மேற்கிலிருந்து வந்ததால், ஏரிக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசலில் சொன்ன பாங்கு எங்கள் காதுக்கே கேட்டது. நூருன்னிசாவின் வாப்பா காலையில் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம் அவள் முந்தானையில் முடிந்திருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நேரமாயிடுச்சு. நோன்பு திற," என்றேன்.

"மரம் வர்றதுக்கு முன்னாடி எப்படி சிஸ்டர்?"

"நேரம் தள்ளக் கூடாதுன்னு உங்கள்லயே சொல்லுவாங்களே."

"தெரியும். எனக்குத் தொண்டையில எறங்காது. காந்தாக்கா எனக்காக வாயில வச்சுது."

நூருன்னிசா விடியுமுன் சாப்பிட்டவள். உதடு வெளுத்துப் போய், கால் நிலைகொள்ளாமல் நின்றாள். எனக்கும் சர்க்கரை இறங்கி வேர்க்க ஆரம்பித்தது. எப்போது சாப்பிட வேண்டும், சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கரையில் யாருக்கும் தெரியாது. என் பையில் ஒரு பொட்டலம் பிஸ்கட் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பயம்தான் என்று நினைக்கிறேன். படித்தவளுக்கு வந்த பயம்.

லைட்ஹவுஸ் விளக்கு சுற்ற ஆரம்பித்தது. கோதண்டம்தான் முதலில் பார்த்தார். "அதோ வர்து," என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அலைக்கு மேலே ஏதோ கறுப்பாகத் தெரிந்தது, மறைந்தது, மறுபடியும் தெரிந்தது.

துளசிங்கமும் கூட்டாளியும் மரத்தைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். வலை கிழிந்திருந்தது, மீன் ஒன்றுமில்லை. எதிர்க்காற்றில் துடுப்பு வலித்து இருவருக்கும் கை தோல் உரிந்திருந்தது. "இன்னா இங்க கூட்டம்?" என்று கேட்டுக்கொண்டே அவன் வந்தான். இருசம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்ப் பானையோடு கஞ்சியைக் கொண்டுவந்தாள். மீதி இருந்ததையெல்லாம் அவன் நின்றபடியே குடித்து முடித்தான். பாலூட்டும் தாய்க்கான சத்துணவு. இருபது வருடமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காந்தா எங்களிடம் வந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. மாமியார் தூரத்தில் இருக்கிறாளா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, நூருன்னிசாவின் காதருகே குனிந்தாள்.

"நூரு, நான் துன்னேன் இல்ல? ரெண்டு கரண்டி துன்னேன். அப்பவும் மரம் வந்துட்ச்சி பாரு."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே நம்பாதவளாக எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நூருன்னிசாவின் கையிலிருந்த பேரீச்சம்பழத்தைக் காட்டினாள்.

"நீயும் துன்னு."

நூருன்னிசா அழுதுகொண்டே பழத்தை வாயில் போட்டாள். நான் பையைத் திறந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தேன்.